பாதுகாவலர் என்ற கட்டத்தில் நான் எழுதிய பெயர்

1

பாங்காக்கில் ஆற்றங்கரை ஓட்டல் ஒன்றில் இந்த வாரம் எங்கள் நிறுவனத்தின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. "சுற்றுச்சூழல் மனித உரிமைப் பாதுகாவலர்களுக்கான பிராந்திய வாதாடல் வழிமுறைகள்" என்று மேடையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற ஆளுக்குப் பரிசு கொடுக்கலாம். வாசலில் தர்பூசணியைத் தாமரைப் பூவாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். மூன்று நாளும் ஏசிக் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிப் பேசினோம். நான் அங்கே ஆவணப் பொறுப்பாளர். மற்றவர்கள் பேசுவதை எழுதி, அறிக்கையாக்கி, நிதி கொடுக்கிறவர்களுக்கு அனுப்புவது என் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள், எங்கள் இயக்குநர் மரியான் மேடையேறி, "இதோ நமது பணியின் முகம்" என்று திரையில் ஒரு படத்தைப் போட்டாள். என் சித்தப்பா மகன் சோலைராஜ். சந்தனக் கலர் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் பந்தல் துணி. எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "எவ்வளவு துணிச்சலான முகம், பார்த்தீர்களா?" என்றார். துணிச்சலாவது ஒன்றாவது! காதுகுத்து வீட்டில் பந்திக்கு உட்காரப் போகிறவனின் முகம் அது. இலையில் என்ன விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் கைதட்டினேன். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அப்போது மணி பதினொன்றரை. இங்கே பதினொன்றரை என்றால் ஊரில் பத்து. பத்து மணிக்கு அவன் எங்கே நிற்பான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில், தினசரிக் கையெழுத்துப் போடுகிற நோட்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நின்றிருப்பான். அவனை அங்கே நிறுத்தியவள் நான். இந்தக் குறிப்பு அதைப் பற்றியதுதான்.

2

பரளச்சிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா அந்தக் காலத்திலேயே அருப்புக்கோட்டைக்கு வந்து உரக்கடை போட்டுவிட்டார். சித்தப்பா குடும்பம் காட்டோடு தங்கிவிட்டது. மானாவாரிக் கரிசலில் கொத்தமல்லி, கம்பு, கொஞ்சம் மிளகாய். கண்மாய்க்குக் கீழே சில குறுக்கம் நஞ்சை. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் பெருமூச்சு.

அந்தக் கண்மாயில் மண் அள்ள ஆரம்பித்தார்கள். விவசாயிகளின் காட்டுக்கு வண்டல் மண் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார்கள். முதல் இரண்டு நாள் டிராக்டர் வந்தது, ஊருக்கே சந்தோஷம். மூன்றாம் நாள் பொக்லைனும் டிப்பரும் வந்தன. வண்டல் போய், அதற்குக் கீழே இருக்கிற கிராவல் எங்கோ ரோடு போட லோடு லோடாகப் போயிற்று. மடையின் மட்டத்துக்குக் கீழே பனைமர ஆழத்துக்குப் பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மடை ஏறாது. கண்மாய் நிறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், வயலுக்கு ஒரு சொட்டு வராது. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை, ஊரில் ஆடு மேய்க்கிற ஆளுக்கே தெரியும்.

ஊர் மனுக் கொடுத்தது. எங்கள் ஊர் மனுக் கொடுக்கிற விதமே தனி. அதை இங்கே விளக்கிச் சொல்லியாக வேண்டும். மனுவை ஒரே கடையில் இரண்டாவது தடவை டைப் அடிக்க மாட்டார்கள். ஒரு தடவை காரியாபட்டி, அடுத்த தடவை வீரசோழன், அதற்கடுத்து திருச்சுழி. கையெழுத்து வீட்டு வரிசைப்படி விழும். கீழத்தெரு முதல் வீட்டில் தொடங்கி மேலத்தெரு கடைசி வீட்டில் முடியும். யார் முந்தி, யார் பிந்தி என்ற பேச்சே கிடையாது. திங்கள்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் மனுவைக் கையில் கொடுக்கிற ஆளை, அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். போன தடவை கொடுத்தவர் பேர் இந்தத் தடவை சீட்டில் இருக்காது. "யாருப்பா தலைவரு, முன்னாடி வா" என்று எந்த அதிகாரி கேட்டாலும் கூடப் போன நாற்பது பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பார்கள். மனுவின் அடியில் "இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்" என்று மட்டும் இருக்கும்.

எனக்கு அப்போது இது பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. பொறுப்பேற்க ஆளில்லாத கூட்டம் என்று நினைத்தேன். தலைமைப் பண்பு என்று ஐந்து நாள் பயிற்சி எடுத்தவள் அல்லவா நான்!

3

கண்மாய்ப் படங்களைச் சோலைராஜ்தான் எனக்கு அனுப்புவான். அவன் ஊருக்குத் தலைவன் இல்லை, போராளியும் இல்லை. போனில் என் நம்பர் இருந்தது, அனுப்பினான், அவ்வளவுதான். "அக்கா, நீ அங்க பெரிய ஆபீஸுல இருக்கியே, எதுவும் செய்ய முடியுமா பாரு" என்றான். செய்ய முடியும் என்றேன். அதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

எங்களிடம் அவசர ஆதரவு விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறது. பதினான்கு பக்கம். அவசரத்துக்குப் பதினான்கு பக்கம்! "உங்கள் பிராந்தியம்" என்ற இடத்தில் தென்கிழக்கு ஆசியா, பசிபிக், மற்றவை என்று மூன்று வாய்ப்பு. கண்மாயை "மற்றவை"யில் சேர்த்தேன். அடுத்து "பாதுகாவலரின் பெயர்" என்று ஒரு கட்டம். ஊர்ப் பொதுமக்கள் என்று எழுதினேன். தனிநபர் பெயரைக் குறிப்பிடவும் என்று சிவப்பில் வந்தது. மரியானிடம் போய்க் கேட்டேன்.

"ஒரு முகம் வேண்டும், அன்பே" என்றாள். அவள் எல்லோரையும் அன்பே என்றுதான் கூப்பிடுவாள். "ஊரைப் பார்த்து யாரும் கண்ணீர் விட மாட்டார்கள். ஒரு மனிதன், ஒரு குடும்பம், ஒரு கதை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடு. அதற்குப் பிறகு இந்தக் காலாண்டுக்கு எடுக்க முடியாது."

வெள்ளிக்கிழமை மதியம் அவனைக் கூப்பிட்டேன்.

"ஏலே சோலை, விண்ணப்பத்துல உன் பேரைப் போட்டுக்கிறட்டுமா?"

"எம் பேரு எதுக்குக்கா? ஊர்ப் பேரைப் போடு."

"ஊர்ப் பேரை எடுக்க மாட்டாங்களாம்டா. ஒரு ஆள் பேரு வேணுமாம்."

"அது என்னக்கா கூத்தா இருக்கு? ஊருல நூத்தி முப்பது வீடு இருக்கு, எம் பேரு மட்டும் எப்படி? கொஞ்சம் பொறு. கோயில்ல வச்சுக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"எப்ப சொல்லுவ?"

"செவ்வாக்கிழமை எல்லாரும் கூடுவாக. அன்னைக்குச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை வரைக்கும் பிராந்தியம், அதாவது எங்கள் அலுவலகம், காத்திருக்காதே. நாலே முக்காலுக்கு அவன் பேரைப் போட்டேன். கிராமம், தாலுகா, வயது, பெண்டாட்டி பேர், மகள் பேர், எல்லாவற்றையும் போட்டேன். "துணிச்சலாக முன்னின்று வழிநடத்தும்" என்று நானாகச் சேர்த்தேன். படம் கேட்டார்கள். போன வருடக் காதுகுத்துப் படத்தில் நான் அவன் தோளை உரசிக்கொண்டு நிற்பேன். என்னை வெட்டிவிட்டு அவனை மட்டும் அனுப்பினேன். ஒப்புதல் பெறப்பட்டதா என்ற கட்டத்திலும் ஆம் என்று ஒரு தட்டு தட்டினேன். அந்த விரலை என்ன செய்தால் தகும்!

4

திங்கள்கிழமை எங்கள் இணையப் பக்கத்தில் அவசர வேண்டுகோள் வெளியானது. பிராந்தியம் முழுக்கப் பதினோரு கூட்டமைப்புகள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. ஒருவராவது போன் பண்ணி உண்மையா என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் அந்த வாரத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. என்னை விட்டே தமிழிலும் பெயர்க்கச் சொன்னார்கள். "ஊரின் தனிப் போராளி" என்று பெயர்த்தேன். கை கூசவில்லை, நல்ல தமிழ் என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது.

அந்தத் தமிழ்த் தாள் எப்படியோ மண் கான்ட்ராக்டர் கைக்குப் போனது. அதுவரைக்கும் யாரை மிரட்டுவது என்று தெரியாமல் அந்த ஆள் முழித்துக்கொண்டிருந்திருக்கிறான். நூற்று முப்பது வீட்டில் யாருக்குக் காசு கொடுப்பது, யாரைத் தூக்குவது? நான் படத்தோடு விலாசம் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் பஞ்சவர்ணம் கூப்பிட்டாள். சோலையின் பெண்டாட்டி.

"மதினி, அவுகளக் கூட்டிட்டுப் போயிட்டாக."

"யாரு? எங்க?"

"போலீசு. டிப்பரு கண்ணாடிய ஒடச்சாராம், டிரைவர அடிச்சாராம். அன்னைக்கு இவுக அருப்புக்கோட்டையில கமிஷன் கடையில இருந்தாக மதினி, சீட்டு இருக்கு. அத வாங்கிப் பாக்கவே மாட்டேங்கிறாக. ஒரு காயிதத்த எடுத்துக் காட்டி, 'வெளிநாட்டுல இருந்து ஒனக்கு எம்புட்டு வருது'ன்னு கேக்குறாக. அதுல இவுக போட்டோ இருக்கு. எம் பேரு இருக்கு. எம் மக பேரு இருக்கு. எம் மக பேரு எப்படி மதினி அங்க போச்சு?"

விசாரிக்கிறேன் என்றேன். நானே எழுதிவிட்டு, விசாரிக்கிறேன் என்கிறேன். த்தூ.

5

இப்போது பிராந்தியத்தின் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். சோலை உள்ளே இருந்த அந்த இருபத்துச் சொச்ச நாளும் நாங்கள் வழிமுறைகளை ஆராய்ந்தோம். மரியான் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டாள். லத்தீன் அமெரிக்காவில் இதற்கென்று ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். ஆப்பிரிக்காவில் ஆணையம் இருக்கிறது, நீதிமன்றமும் இருக்கிறது. ஆசியா என்று எழுதி அதற்கு நேரே ஒரு கோடு இழுத்தாள். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் அமைப்பு ஒன்று இங்கே இருக்கிறது, ஆனால் இந்தியா அதில் உறுப்பினர் இல்லை. தெற்காசிய நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்திலோ சர்ச்சைக்குரியதைப் பேசக்கூடாது என்பதே விதி. என் தம்பி சர்ச்சைக்குரியவனாம்.

"அப்படியென்றால் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதலாம். அவர் அரசுக்கு எழுதுவார். அறுபது நாளில் பதில் கேட்பார்."

"பதில் வராவிட்டால்?"

"வரவில்லை என்று பதிவு செய்வார்கள். பதிவும் ஒரு வெற்றிதான், அன்பே."

இன்னொருத்தி தற்காலிக இடமாற்றத்தைப் பரிந்துரைத்தாள். மூன்று மாதம் வட தாய்லாந்தில் ஒரு வீடு, யோகா, மனநல ஆலோசனை. உள்ளே இருக்கிறவனை எப்படி இடமாற்றுவது என்பதை அவள் யோசிக்கவில்லை. பிறகு ஜாமீனில் வந்ததும் அவனிடமே இதைச் சொன்னேன். "மூணு மாசம் அங்க வந்து யோகா பண்ணுனா இங்க மல்லிய ஆரு புடுங்குவா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்கள் பலகையில் கட்டம் இல்லை. மின்னணுப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் அவன் பேரைச் சேர்த்திருந்தோம். அவன் போனின் கண்ணாடி விரிசல் விட்டு ஒட்டுத்தாள் போட்டிருக்கிறது. உள்ளே ரகசியச் செயலி ஏற்றி யாரிடமிருந்து எதை மறைப்பது? படமும் பேரும்தான் உலகம் பூராவும் போய்விட்டதே.

தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற நிபந்தனையோடு அவனை வெளியே எடுத்தவர் அருப்புக்கோட்டை வக்கீல் ஒருவர். அப்பா கடைக்கு உரம் வாங்க வருகிறவர். பிராந்தியம் ஒன்றையும் கிழிக்கவில்லை. அந்தக் காலாண்டு அறிக்கையில், எங்கள் தொடர் அழுத்தத்தின் விளைவாக விடுதலை என்று இருக்கிறது. எழுதியது யார் என்று சொல்ல வேண்டுமா?

6

இங்கே என் வாழ்க்கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். ஊரில் இருப்பவர்கள் வெளிநாட்டு வாழ்க்கையைப் பெரிதாக நினைக்கிறார்கள். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு, இன்ன வீட்டில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். வரிசையில் நின்று, நம்பர் அட்டை வாங்கி, "கா, கா" என்று குழைந்து பேச வேண்டும். இங்கே பெண்கள் பேச்சை அப்படி முடிப்பது மரியாதை. அது நாக்கில் ஒட்டிக்கொண்டு ஊர்ப் பேச்சிலும் வருகிறது. சோலையிடம் ஒருதடவை "சரி கா" என்றேன். "நீயும் என்னைய அக்காங்கிறியா?" என்று சிரித்தான். கேஸுக்கு முன்னால் அவன் எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

என் கணவர் நூல் வியாபாரம். எங்களுக்கு ஒரே மகள், பதினாலு வயது. அவள் படிக்கிற பன்னாட்டுப் பள்ளியில் பூமியின் நாயகர்கள் என்று ஒரு திட்டவேலை கொடுத்தார்கள். எங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து சோலையின் படத்தை எடுத்து, பெரிய அட்டையில் ஒட்டி, ஓரத்தில் இலை வரைந்து, நீல ரிப்பன் வாங்கி வந்தாள்.

"அம்மா, மாமா சூப்பர் ஹீரோ. ஆன்லைன்ல எங்க கிளாஸுக்குப் பேச வருவாரா?" என்றாள். பாதி ஆங்கிலம், பாதி தாய்லாந்து மொழி.

இந்த மாமா வீட்டில்தான் போன வருடம் செம்புத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, பாட்டில் வாங்க அவனையே வெயிலில் டவுனுக்கு அனுப்பினாள். மாமா மகள் இவளோடு விளையாட வந்தபோது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அட்டையில் ஒட்டிய மாமாவைத்தான் அவளுக்குப் பிடிக்கிறது. அவளை என்ன சொல்ல? நான் வளர்த்த பிள்ளை, என் தொழிலைத்தான் கற்றிருக்கிறாள்.

7

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஊர் என்னைத் திட்டும் என்று பயந்துகொண்டே போனேன். திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. டீக்கடை பால்சாமி அண்ணன் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். சர்க்கரை போடவா என்று கேட்டார். இதற்கு முன் அவர் என்னிடம் கேட்டதில்லை, அவராகவே போடுவார்.

அடுத்த திங்கள்கிழமைக்கு மனு தயாராகிக்கொண்டிருந்தது. கோயிலில் சீட்டுக் குலுக்கினார்கள். சோலை பேர் சீட்டில் இல்லை. கையெழுத்து வரிசையிலும் அவன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவன் வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தான். நான் பால்சாமி அண்ணனிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"என்னண்ணே இது? உங்களுக்காகத்தானே அவன் உள்ள போயிட்டு வந்தான்? அவனை ஒதுக்கி வைக்கிறிய?"

"ஒதுக்கலம்மா" என்றார். "முந்தி ஊருன்னு போவோம். ஊர ஆரு புடிக்க முடியும்? இப்ப அவுகளுக்குப் புடிக்க ஒரு ஆளு கெடச்சிருச்சு. இந்தப் பய பேரு மனுவுல இருந்தா, மொதப் பக்கத்தத் திருப்புறதுக்கு முன்னாடியே வெளிநாட்டுக் காசுன்னு தூக்கி வச்சிருவாக. எங்களுக்குக் கண்மாயி வேணும்மா. அவனுக்கும் அது தெரியும். அவன்தான் எம் பேர விட்டுருங்கன்னு சொன்னான்."

பிறகு, "நீ நல்லது நெனச்சுத்தான் செஞ்சிருப்ப" என்றார். அந்தப் பெருந்தன்மைக்குப் பதில் நாலு வசவு வாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை சோலையோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எட்டரை பஸ்ஸை விட்டால் பத்துக்குள் போக முடியாது. ஒன்பதரைக்கே போய்விட்டோம். நோட்டு பதினொன்றுக்கு வந்தது. கையெழுத்துப் போட ஐந்து நொடி. திரும்பி வரும்போது மணி ஒன்றரை.

"மாசியில மல்லி புடுங்கணும்க்கா" என்றான் பஸ்ஸில். "விடியக்காலம் பனியில புடுங்குனாத்தான் உண்டு. வெயில் ஏறிருச்சுன்னா மணி பூராம் காட்டுலயே கொட்டிப்போயிரும். நான் எட்டு மணிக்கே போட்டது போட்டபடி ஓடணும். பஞ்சவர்ணம் ஒத்தையில என்ன செய்வா?"

பிறகு இறங்குகிற நேரத்தில் கேட்டான். பல நாளாக யோசித்து வைத்திருந்த கேள்வி என்று அவன் கேட்டதிலேயே தெரிந்தது.

"அக்கா, அந்தக் காயிதத்துல இருந்து எம் பேர எடுக்க முடியுமா? வக்கீல் சொல்றாரு, அது அங்க இருக்கமட்டும் கேஸுல அதத்தான் காட்டுவாகளாம். ஊரும் என்னையச் சேக்காது. எடுத்துட்டா மறுபடி வரிசையில கையெழுத்துப் போட்டுக்கிருவேன்."

அவன் கேட்டது அவ்வளவுதான். விருதும் வேண்டாம், யோகாவும் வேண்டாம். கீழத்தெருவில் ஆறாவது வீட்டுக்காரனாக மறுபடி மனுவில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

8

வந்ததும் மரியானிடம் கேட்டேன். இரண்டு வாரம் பதில் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு படிவம் வந்தது. பெயர் நீக்கக் கோரிக்கை. பாதுகாவலரே கைப்பட எழுத வேண்டுமாம், அடையாளச் சான்று வேண்டுமாம், அவரைத் தெரிந்த இரண்டு அமைப்புகள் பரிந்துரைக்க வேண்டுமாம். பேரைப் போட என் விரல் ஒன்று போதுமாக இருந்தது. எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தேன். வருடாந்திரக் கூட்டத்தின் மூன்றாம் நாள் மாலை, தர்பூசணித் தாமரையை ஓட்டல்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறபோது, மரியான் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நிர்வாகக் குழு பரிசீலித்தது, அன்பே. அந்தப் பக்கத்தை நிதியளிப்பவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மற்றவர்களும் பிரதி எடுத்துவிட்டார்கள். நீக்குவதில் பயனில்லை. ஆனால் கூடுதல் தகவல் சேர்க்கலாம். விரும்பினால் நீயே சேர்."

"அவனுக்கு இதனால் ஆபத்து."

"அவன் எவ்வளவு முக்கியமானவன் என்பதற்கு அதுவே சான்று" என்று சொல்லி என் கையை அழுத்தினாள். அவள் நிஜமாகவே கண் கலங்கியிருந்தாள். இந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மடையைக்கூட நனைக்க முடியாது.

வீட்டுக்கு வந்து சோலையைக் கூப்பிட்டேன். பின்னால் பஞ்சவர்ணம் மல்லிக்கட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எடுக்க முடியாதாம், சேர்க்கத்தான் முடியுமாம் என்று சொன்னேன்.  

"சேக்கலாமா?" என்றான்.

"ஆமா. கீழ என்ன வேணாலும் சேத்துக்கலாமாம்."

"அப்ப ஒண்ணு செய்யிக்கா. எம் பேருக்குக் கீழ ஒம் பேரையும் போட்டு விடு. நீயும் இந்த ஊருதான? காயிதத்த எழுதுனது நாந்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு போடு. வக்கீல் அதக் காட்டிப் பேசுவாரு. அதுக்கு மேல, ஒத்தப் பேரா இருக்கதுதான்க்கா கஷ்டம். ரெண்டு பேருன்னா கொஞ்சமாச்சும் கூட்டமாத் தெரியும்ல."

அவன் குத்திக்காட்டவில்லை. கேலியும் இல்லை. மனுவில் பக்கத்து வீட்டுக்காரனிடம் கையெழுத்துக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டான்.

பக்கத்தில் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "உன் பேர் வந்தா நாளைக்கே மாமா கடைக்கு ஆள் வரும். உர லைசென்ஸு என்ன ஆகும்? உன் பாஸ்போர்ட்டு அடுத்த வருஷம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா?" என்றார். அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சரியான காரணம். மூச்சு விடாமல் இன்னும் பத்துக் காரணம் நானே சொல்லுவேன்.

"பாக்குறேன் தம்பி" என்றேன்.

"சரிக்கா, பாரு" என்று வைத்துவிட்டான்.

அந்தப் பக்கத்தைத் திருத்துகிற அனுமதி அலுவலகத்தில் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அரை நிமிட வேலை. நான்கு நாள் ஆகிவிட்டது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிய பத்திரிகை ஆசிரியரிடம், என் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.